சிவப்பு மாமாவின் ரிப்போர்ட்

எங்கள் வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள். அப்பா செருப்பைத் தேடுவார். அக்கா மட்டும் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொள்வாள், ஏனென்றால் நானும் அவளும் ஒரே அறை. வெப்சைட் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்கைப் பற்றி ஆதியோடந்தமாகக் கேட்டுத் தொலைத்த ரத்தப் பரிசோதனைக்காரி என்று யாராவது இருந்தால் அது என் அக்காதான்.

"முன்ன எல்லாத்தையும் நாமளே எழுதணும்க்கா. லாகின் நாமளே, டேட்டாபேஸோட பேசுறது நாமளே. இப்ப அப்படியில்ல. நாம கிளாஸை, அதாவது அச்சை, எழுதிக் குடுத்தா போதும். அந்த அச்சுல ஆப்ஜெக்டை ஃபிரேம்வொர்க்கே உருவாக்கும், எங்க வேணுமோ அங்க அதுவே கொண்டுபோய் மாட்டிவிடும். நாம கேக்கக்கூட வேணாம்."

"அப்ப நீ என்னதான்டி பண்ணுவ?"

"நான் யோசிப்பேன்."

"ரொம்ப ஆபத்தாச்சே" என்று அக்கா போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அப்போது நான் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரிய நிறுவனங்களில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் திறந்து உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி இணைய மென்பொருள் எழுதும் வகுப்பு. எண்டர்பிரைஸ் அப்ளிகேஷன் என்று பெயர். அம்மா அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு "ஏதோ லாரி கம்பெனி மாதிரி இருக்கு" என்றாள். வகுப்பில் எனக்கு வைத்த பெயர் அவசரம். பக்கத்தில் உட்காருகிறவன் பெயர் கேள்விக்குறி. பாடம் நடத்துகிறவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்க்கும்வரை அவன் கேட்பான். நான் எழுதிவிட்டுப் புரிந்துகொள்கிற ஆள், அவன் புரிந்துகொண்ட பிறகும் எழுதாத ஆள்.

அக்கா வேலை செய்வது ஒரு சின்ன லேபில். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளே ரத்தம் எடுக்கிற இடம், அதற்கும் உள்ளே குளிரூட்டிய அறையில் மெஷின். அங்கே எந்நேரமும் போன் அடித்துக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: ரிப்போர்ட் வந்துவிட்டதா? அக்கா ஒரு கையில் டியூபும் ஒரு கையில் போனுமாக நிற்பதைப் பார்த்த அன்றே நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"நான் ஒரு வெப்சைட் பண்ணித் தரேன். அவங்கவங்க போன்ல லாகின் பண்ணி அவங்கவங்க ரிப்போர்ட்டைப் பாத்துக்கட்டும்."

லேபை நடத்துகிற டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "முதல்ல இங்க வேலை பாக்கிறவங்க குடும்பத்து ஆளுங்க மட்டும் பாக்கட்டும். ஒழுங்கா ஓடுச்சுன்னா எல்லாருக்கும் திறந்துவிடலாம்" என்றார். அந்தச் சொல் போதாதா? இரண்டு கால்களிலும் சக்கரம் கட்டியதுபோல வீட்டுக்கு ஓடி வந்தேன்.

எழுத எழுத எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. நோயாளிக்கு ஒரு கிளாஸ், ரிப்போர்ட்டுக்கு ஒரு கிளாஸ், ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக் கொடுக்கிற ஆளாக ஒரு சர்வீஸ் கிளாஸ். ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு அடுத்தவன் வீட்டில் எட்டிப் பார்க்காமல் இருந்தது. அளவுக்கு மேல் இருக்கிற எண் சிவப்பில் வரவேண்டும் என்று ஒரு ஏற்பாடு. அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கற்பனை நோயாளி தேவைப்பட்டார். "சிறுநீரகம் சுத்தமா போன ஒருத்தருக்கு என்னென்ன நம்பர் வரும்?" என்று அக்காவைக் கேட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லச் சொல்லத் தட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. அவருக்குச் சிவப்பு மாமா என்று பெயர் வைத்தோம்.

"பாவம்டி மனுஷன். இந்த நம்பரோட நடமாடவே முடியாது" என்றாள் அக்கா.

"அதான் கம்ப்யூட்டருக்குள்ளயே உக்காந்திருக்காரு."

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் பார்த்து, சரி என்று சொன்னால்தான் கேபினில் ஏற விடுவார்கள். அந்தப் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாக அவருக்கு முதுகுவலி வேறு. அதனால் முன்கூட்டியே ஒருமுறை அக்கா கையாலேயே ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். வெப்சைட்டில் லாகின் செய்யச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்த விதமே சரியில்லை. வழக்கமாக வந்ததும் சோபாவில் விழுந்து ரிமோட்டைப் பிடுங்குவார். அன்று ரிமோட்டை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

"நீ பாரும்மா. உனக்குப் பிடிச்சதைப் பாரு."

அம்மா ரிமோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னாச்சு? வண்டியை எங்கயாவது இடிச்சிட்டு வந்துட்டீங்களா?"

"இல்லம்மா."

"யாரு வண்டியை இடிச்சீங்க?"

"யாரு வண்டியையும் இடிக்கல. உங்கிட்ட அன்பா ஒரு வார்த்தை பேசக்கூடாதா?"

"பேசலாம். ஆனா சொல்லிட்டுப் பேசுங்க, பயமாயிருக்கு" என்று அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். வீட்டின் பின்பக்கம் தண்ணீர் மோட்டார் இருக்கிற இடத்துக்கு அழைத்துப்போனார். எந்த வால்வை எந்தப் பக்கம் திருக வேண்டும், ஃபியூஸ் போனால் எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும், மோட்டார் இரைந்தால் எங்கே ஒரு தட்டு தட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். பிறந்ததிலிருந்து என்னை அந்தப் பெட்டிப் பக்கம் அண்டவிடாத மனிதர்.

"எதுக்குப்பா இதெல்லாம் எனக்கு?"

"தெரிஞ்சு வெச்சுக்கோ. நான் எப்பவும் இருப்பேனா?"

"எங்க போகப்போறீங்க? வேற துறைமுகத்துக்கு மாத்திட்டாங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

நான் வடிவமைத்த பக்கம்தான். மேலே அப்பாவின் பெயர், வயது. கீழே கிரியாட்டினின் 9.8, ஒன்று ஒன்றேகால் இருக்க வேண்டிய இடத்தில். யூரியா, பொட்டாசியம், எல்லாம் சிவப்பு. நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்தச் சிவப்பு நிறம் அப்பாவின் பெயருக்குக் கீழே பளபளவென்று இருந்தது.

"நெட்ல பாத்தேன்" என்றார் அப்பா. "கிட்னி போயிடுச்சாம். முதுகுவலி அதுலதான் வருமாம்."

"அக்கா என்ன சொன்னா?"

"அவகிட்ட கேக்கல. அவளுக்குத் தெரியாம இருக்குமா? காலையில என்னைத் தாண்டிப் போனா, முகத்தைக்கூடப் பாக்கல. சொல்ல முடியாம தவிக்கிறா பாவம். நீயும் கேக்காத. அம்மாகிட்டயும் மூச்சு விடாத."

"எங்கிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?"

"உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும். கம்பெனி டாக்டருக்கு இது போகாம பண்ண முடியுமா? போச்சுன்னா கிரேன்ல ஏற விடமாட்டாங்க. ஏறாம நான் என்ன பண்ணுவேன்?"

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, மோட்டாரைப் பார்த்தார்.

நான் உள்ளே ஓடி லேப்டாப்பைத் திறந்தேன். அப்பா வாசற்படியில் நின்றபடி பார்த்தார். அவர் பெயரிலேயே லாகின் செய்தேன். பக்கம் திறந்தது. கிரியாட்டினின் 0.9. ஒரு சிவப்பு இல்லை, எல்லாம் சாதுவான கறுப்பு.

"அப்பா! இங்க பாருங்க, நல்லாத்தான் இருக்கு!"

அப்பா கிட்டே வந்து பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் அப்படியே சுருங்கி, ஒரு மாதிரிப் பரிதாபமாகச் சிரித்தார்.

"நீ மாத்திட்ட."

"நான் எதை மாத்துனேன்?"

"நம்பரை. உன்னோட வெப்சைட் தானே. அப்பா பயப்படக்கூடாதுன்னு உள்ள ஓடிவந்து மாத்திட்ட. நல்ல பொண்ணு."

தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நானே செய்த வெப்சைட் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்ததற்கு இது தேவைதான். வேறு யார் செய்திருந்தாலும் நம்பியிருப்பார். அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அக்கா, அப்பாவோட கிரியாட்டினின் எவ்வளவு?"

"0.9. மெஷின்ல வந்ததை நானேதானே ஏத்தினேன். ஏன்?"

"கேட்டீங்களாப்பா?"

அப்பா தலையை ஆட்டினார். "ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கீங்க."

"என்னடி சொல்றாரு? யாரு என்ன பேசி வெச்சது?" அக்காவின் குரலுக்குப் பின்னால் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"அப்பா போன்ல 9.8னு வந்திருக்கு. ஸ்கிரீன்ஷாட் இருக்கு. யூரியா 212. பொட்டாசியம் 6.7."

அக்கா மெதுவாக, "அது நம்ம சிவப்பு மாமா இல்ல?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லி, நான் தட்டிய அதே எண்கள். இல்லாத ஒரு மனிதரின் ரத்தம் என் அப்பாவின் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறது. எப்படி?

அப்பாவிடம் சொன்னால், "சிவப்பு மாமாவா? யாரு, அம்மா வழியா?" என்றார்.

கேள்விக்குறிக்குப் போன் போட்டேன். அவன் எப்போதும் போல ஹலோ சொல்வதற்கு முன்பே கேள்வியோடு வந்தான்.

"அழுதியா? குரல் ஏன் அப்படியிருக்கு?"

"அதெல்லாம் அப்புறம். ஒருத்தர் பேருக்குக் கீழ இன்னொருத்தர் ரிப்போர்ட் வருது. பேரு சரி, நம்பர் தப்பு. எப்படிடா வரும்?"

"பேரை எங்கேருந்து எடுக்கிற?"

"லாகின் பண்ண ஆள்கிட்டேருந்து. அவரவர் லாகினுக்குன்னு தனியா இருக்கிற செஷன்ல இருக்கு."

"நம்பரை?"

"சர்வீஸ்கிட்டேருந்து. லாகின் பண்ணதும் சர்வீஸ் போய் அவரோட ரிப்போர்ட்டை எடுத்துக் கையில வெச்சுக்கும். அவர் ரிப்போர்ட்னு அமுக்கினதும் குடுக்கும்."

"கையில வெச்சுக்கும்னா?"

"அந்த கிளாஸ்ல ஒரு ஃபீல்டு இருக்கு, தகவலைப் போட்டு வைக்கிற ஒரு அறை மாதிரி. அதுல போட்டு வெச்சிருக்கேன்."

"சரி. அந்த சர்வீஸ் ஆப்ஜெக்ட் எத்தனை இருக்கு?"

"ஆளுக்கு ஒண்ணு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஆப்ஜெக்ட்னா அப்படித்தானே. நோயாளி ஆளுக்கு ஒண்ணு, ரிப்போர்ட் ஆளுக்கு ஒண்ணு…"

"அதெல்லாம் நீ உருவாக்கினது. சர்வீஸை யாரு உருவாக்கினா?"

"ஃபிரேம்வொர்க்."

"எத்தனை தடவை?"

வகுப்பில் இதைச் சொன்ன அன்று நான் அடுத்த பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஃபிரேம்வொர்க் சர்வீஸை ஆளுக்கொன்றாகச் செய்வதில்லை. அப்ளிகேஷன் கண் விழிக்கும்போது ஒன்றே ஒன்றைச் செய்யும். அதையேதான் வருகிறவர்கள் எல்லோருக்கும் மாட்டிவிடும்.

"ஒரு தடவை" என்றேன்.

"அப்ப கடைசியா லாகின் பண்ணவனோட ரிப்போர்ட்தானே அது கையில இருக்கும்?" என்றான். பிறகு, "நீ இதை ரெண்டு போன்ல வெச்சுப் பாக்கவே இல்லையா?" என்றும் கேட்டான்.

எப்படிப் பார்ப்பேன்? என் அறையில் என் லேப்டாப்பில் நான் ஒருத்திதானே லாகின் செய்வேன். ஆயிரம் பேருக்கான மென்பொருளை ஒற்றை ஆளாகப் பரிசோதித்திருக்கிறேன். வேறு நாளாக இருந்தால் வெட்கத்தில் புதைந்திருப்பேன். அன்று எனக்கு வந்தது சிரிப்பு. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

"தப்பு இருக்குடா! நிஜமாவே தப்பு இருக்கு!"

"அதுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?"

"நாளைக்குச் சொல்றேன்."

ஓடிப்போய் அப்பாவிடம் கேட்டேன். "நீங்க லாகின் பண்ணதும் உடனே ரிப்போர்ட்டை அமுக்கினீங்களா?"

"இல்ல. டீ குடிக்க இறங்கினப்ப லாகின் பண்ணேன். அதுக்குள்ள சூப்பர்வைசர் கூப்பிட்டாரு. போய்ப் பேசிட்டு வந்துதான் பாத்தேன்."

அந்த இடைவெளியில்தான் நான் இங்கே உட்கார்ந்து, சிவப்பு இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால் நன்றாக இருக்குமோ என்று சிவப்பு மாமாவாக உள்ளே நுழைந்திருக்கிறேன்.

"சாப்பாட்டு மேசைக்கு வாங்க. அம்மா! உன் போனை எடுத்துட்டு வா."

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அப்பா கண்ணால் என்னைத் தடுத்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

"அப்பா, நீங்க உங்க பேர்ல லாகின் பண்ணுங்க. பண்ணிட்டு எதையும் அமுக்காதீங்க, போனை மேசையில வைங்க."

வைத்தார்.

"அம்மா, நீ நான் சொல்ற பேர்ல லாகின் பண்ணு."

"யாரு பேர்ல? நான் ஏன் அடுத்தவன் வீட்டுக்குள்ள போகணும்?"

"அடுத்தவனே கிடையாதும்மா. தட்டு."

அம்மா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள். எனக்கு அந்த விரலைப் பிடித்து நானே குத்திவிடலாம் போலிருந்தது. சிவப்பு மாமா ஒருவழியாக உள்ளே போனார்.

"இப்ப அப்பா, ரிப்போர்ட்டை அமுக்குங்க."

அமுக்கினார். மேலே அவர் பெயர். கீழே 9.8. செக்கச்செவேல்.

அப்பா போனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். "நான் எதையும் தொடல" என்றார், திருட்டுப் பழி விழுந்தவர் போல.

"நானும்தான் தொடல. இப்ப நீங்க வெளியே வந்து திரும்ப லாகின் பண்ணுங்க. பண்ணிட்டீங்களா? அம்மா, இப்ப நீ உன் போன்ல ரிப்போர்ட்டை அமுக்கு."

சிவப்பு மாமாவின் பெயருக்குக் கீழே 0.9 வந்தது.

"அட!" அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "சாகக்கிடந்த மனுஷனை நான் காப்பாத்திட்டேனே!"

"யாரு சாகக்கிடந்தது?" என்றாள் அம்மா.

அம்மா அப்பாவின் போனை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். அவள் விரல் பட்டு, எனக்குக் காட்டிய அந்த ஸ்கிரீன்ஷாட் திறந்துகொண்டது. மேலே இருந்த பெயரை விரல் வைத்துப் படித்தாள்.

"இது உங்க பேரு."

"அது… அது தப்பும்மா. இப்பதான் இவ சொன்னா…"

"எப்ப பாத்தீங்க இதை?"

"மத்தியானம்."

"மத்தியானத்துலேருந்து வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. எங்கிட்ட சொல்லல. இவகிட்ட சொல்லியிருக்கீங்க. ரிமோட்டைக் குடுத்தா நான் தெரிஞ்சுக்கணுமா?"

"உன்னைப் பயமுறுத்த வேணாம்னு…"

"நீங்க அன்பா பேசினதுலயே நான் பாதி செத்துட்டேன்!"

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. ஏன் இப்படி ஆச்சு?" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளே கேட்டாள்.

"ஒரு கவுண்டர் இருக்குன்னு வெச்சுக்கோ. அங்க ஒரே ஒரு ஆளுதான் உக்காந்திருக்கான். உள்ள வர்றவங்க பேரைச் சொன்னதும் அவங்க காகிதத்தை எடுத்துக் கையில வெச்சுக்குவான். ஆனா அவனுக்கு இருக்கிறது ஒரே கை. அடுத்த ஆள் வந்துட்டா முதல் காகிதத்தைக் கீழ போட்டுட்டு ரெண்டாவதை எடுத்துக்குவான். அப்புறம் முதல் ஆள் திரும்பி வந்து கைய நீட்டினா, கையில என்ன இருக்கோ அதைக் குடுத்துடுவான்."

"அந்தத் தடியன் முகத்தைப் பாத்துக் குடுக்கமாட்டானா?"

"பாருன்னு நான் சொல்லலம்மா."

"அப்ப அந்தத் தடியன் நீதான்" என்றாள் அம்மா.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் லேப்டாப்பை மூடப் போனேன். அப்பா தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இரு. அவன் கையில இருக்கிறதைக் குடுப்பான்னா, இந்த 0.9 மட்டும் என்னோடதுன்னு எப்படிச் சொல்ற? அதுவும் வேற எவனோடதாவது இருந்தா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேள்விக்குறிக்குச் சொந்தக்காரர் மாதிரி கேட்கிறார். "அக்காவே மெஷின்ல பாத்ததா சொன்னாளேப்பா."

"அவ அதைப் பாத்துச் சொன்னாளா, உன் வெப்சைட்டைப் பாத்துச் சொன்னாளா?"

அக்கா மெஷினைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மத்தியானத்திலிருந்து அவர் வயிற்றில் உட்கார்ந்திருக்கிற பயம் என் வாய்வார்த்தைக்கு எழுந்து போகாது என்பதும் தெரிந்தது.

"காலையில வெறும் வயித்தோட லேபுக்குப் போவோம்" என்றேன். "புதுசா ரத்தம் குடுங்க. மெஷின்ல வர்றதை நீங்களே நின்னு பாருங்க. வெப்சைட் பக்கமே போகவேணாம்."

அவருக்கு அது பிடித்திருந்தது.

காலையில் நாங்கள் போனபோது லேபில் இன்னும் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. அக்கா அப்பாவை உட்காரவைத்து, கையில் பட்டையை இறுக்கினாள். ஊசி போகும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேத்து காலையில என்னைத் தாண்டிப் போனியே, ஏன் முகத்தைப் பாக்கல?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"நேத்தா? ஷிஃப்டுக்கு லேட்டாயிடுச்சுப்பா, தலைகூட வாரல. எதிர்ல யானை வந்திருந்தாலும் பாத்திருக்கமாட்டேன்." டியூபைக் கையிலெடுத்ததும் முதல் வேலையாக அவர் பெயர் ஒட்டினாள். ஒட்டிவிட்டு என் மூக்குக்கு நேராகக் காட்டினாள். "பாத்துக்க. ஒவ்வொரு டியூபுக்கும் ஒவ்வொரு பேரு. எல்லார் ரத்தத்தையும் ஒரே கிண்ணத்துல ஊத்தறதில்ல."

"தெரியும்க்கா."

"நேத்துதான் தெரிஞ்சுது."

டாக்டரம்மா வந்ததும் நான் அவர் அறைக்குப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனப்பாடம் செய்திருந்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் பறந்துவிட்டது. "டாக்டர், இன்னிக்கு எல்லாருக்கும் திறக்கறதா இருந்தீங்களே, வேணாம். ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குப் போகுது" என்று கொட்டிவிட்டேன். அவர் மேசையில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. எல்லோருக்கும் அனுப்பவேண்டிய செய்தி தட்டச்சாகித் தயாராக நின்றது. அவர் சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வெளியாளுங்க யாராவது பாத்தாங்களா?"

"இல்ல. நம்ம வீட்டு ஆளுங்க மட்டும்தான். பாதிக்கப்பட்டது எங்கப்பா ஒருத்தர்தான்."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து மூச்சு விட்டார். "காபி குடிச்சிட்டு அனுப்பலாம்னு இருந்தேன். அந்தக் காபிக்கு ஒரு கும்பிடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி பண்ணு. இந்தத் தடவை நாலு போன்ல, நாலு பேரை உக்காரவெச்சுக் காட்டணும். அந்தப் பொய் நோயாளியையும் வெளியே அனுப்பு. நிஜ ஆளுங்க இருக்கிற இடத்துல அவருக்கு என்ன வேலை?"

திட்டுவார் என்று தயாராக வந்தவளுக்கு, திட்டாததே பெரிய விடுமுறை மாதிரி இருந்தது.

மெஷின் ஓடும் நேரத்தில் முன்னறை நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்து, சர்வீஸின் கையிலிருந்த அந்த ஃபீல்டை அழித்தேன். இனிமேல் அது எதையும் கையில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் கேட்கிற ஆள் யார் என்று கேட்டு, தேடி எடுத்து, அப்போதே கொடுத்துவிட்டுக் கையை உதறிக்கொள்ளும். எழுதியதைவிட அழித்ததுதான் அதிகம். அப்படியும் வேலை செய்தது. சிவப்பு மாமாவையும் டேட்டாபேஸிலிருந்து வழியனுப்பினேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, கஷ்டப்பட்ட மனிதர்.

அப்போது உள்ளே இருந்து அக்கா கூப்பிட்டாள்.

அப்பா குளிரூட்டிய அறையின் வாசலில், செருப்பில்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மெஷினின் சின்னத் திரையில் வரிசையாக எண்கள் வந்துகொண்டிருந்தன. அக்கா ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னாள். டியூபின் பெயரைக் காட்டினாள், திரையின் பெயரைக் காட்டினாள், பிறகு எண்ணைக் காட்டினாள். கிரியாட்டினின் 0.9. அப்பா குனிந்து அந்தத் தசமப் புள்ளியையே பார்த்தார், அது எங்கேயாவது நகர்ந்துவிடுமோ என்பதுபோல. நகரவில்லை.

"அப்ப முதுகுவலி?" என்றார்.

பின்னால் வந்து நின்ற டாக்டரம்மா சொன்னார்: "நாள் முழுக்க கேபின்ல உக்காந்து குனிஞ்சு கீழ பாத்தா முதுகு வலிக்காம என்ன செய்யும்? நடுநடுவுல இறங்கி நடங்க. கிட்னி சும்மா இருக்கு, அதைத் தொந்தரவு பண்ணாதீங்க."

அப்பா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, "ஏசி ரொம்ப வெச்சிருக்காங்க" என்றார். நானும் அக்காவும் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள்.

"அம்மா, ஒண்ணுமில்லம்மா. நானே ரத்தம் எடுத்தேன், நானே மெஷின்ல போட்டேன், அவரே நின்னு பாத்தாரு. நல்லாயிருக்காரு."

நான் போனில் காதை ஒட்டினேன். அம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு, "அந்த மனுஷன்கிட்ட குடு" என்றாள்.

அப்பா போனை வாங்கிக்கொண்டு லேப் வாசலுக்குப் போனார். பின்னாலேயே போய், பக்கத்துக் கடையில் வாங்கிய ரொட்டியை அவருடைய இன்னொரு கையில் திணித்தேன். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த மனிதர். அவர் ஒரு கடி கடித்தார், மென்றார், கேட்டார். "ம்" என்றார். "சரிம்மா" என்றார். "தப்புதான்" என்றார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அம்மாவின் குரல் போனுக்கு வெளியே கேட்டது. நேற்று சாயங்காலத்திலிருந்து சேர்த்து வைத்த எல்லாவற்றையும் அவள் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இனிமே உங்கிட்டதான் முதல்ல சொல்வேன்… ஆமா… அவகிட்டயெல்லாம் சொல்லமாட்டேன்… திட்டு, இன்னும் திட்டு" என்றார் அப்பா, வாய் நிறைய ரொட்டியோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக.